இரண்டாவது வளைவில் கொதித்த வண்டி

தெலுக் கும்பாரைத் தாண்டி பாலிக் பூலாவுக்கு ஏறும் மலைச்சாலையில், இரண்டாவது வளைவில், ஒரு புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்கு எங்கள் வண்டி கொதித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டதால் நேரம் இன்றுவரை நினைவிருக்கிறது. ரேடியேட்டர் மூடியின் மேல் ஒரு சிறிய கண்ணாடி வட்டம் உண்டு. அதனுள் சூட்டைக் காட்டும் சிவப்புக் கோடு உச்சியைத் தொட்டது. பிறகு மூடியைச் சுற்றி ஆவி சீறியது. வெள்ளைக்காரரின் காலுறையில் நான்கைந்து துளி தெறித்தது.

அவர் கோபப்படவில்லை. கீழே இறங்கி, காலுறையைத் துடைத்துக்கொண்டு, அளந்தெடுத்த மலாயில் சொன்னார்: அடுத்த புதன், இதே சாலை. அன்றைக்கும் கொதித்தால் வாடகை வண்டிக்கான நம்பர் தகட்டைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

பின் இருக்கையில் இருந்த அக்கா, "என்ன சொல்றான்?" என்றாள். அவளுக்கு மலாய் என்னைவிட நன்றாகத் தெரியும். கேட்டது புரியாமல் அல்ல, என் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பதற்காக.

சொன்னேன்.

"சரி. தண்ணி ஊத்து, போவோம்" என்றாள்.

அந்த வண்டி அமெரிக்காவில் செய்த ஏழு பேர் ஏறும் வண்டி, மேலே கித்தான் கூரை. தீவுக்கு எதிரே அக்கரையில் ஒரு ரப்பர் தோட்டத்து மானேஜரிடம் முதலில் இருந்தது, பிறகு ஓர் அரிசி ஆலைத் தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம். மூன்றாவதாக அக்காவின் கணவர் வாங்கியபோதே அதற்கு வயதாகியிருந்தது. அத்தான் அதை ஜார்ஜ் டவுனுக்கும் பாலிக் பூலாவுக்கும் இடையே வாடகைக்கு ஓட்டினார். அவர் காய்ச்சலில் போனபின் நான் ஓட்டினேன். தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் கப்பல் வரவும் கோர்ட்டுச் செய்தியும் எழுதுவது என் வேலை. அலுவலகத்துக்குப் பிற்பகலில் போனால் போதும், காலைகள் என்னுடையவை.

முன் இருக்கையில் என் பக்கத்தில் அக்கா உட்கார்ந்து வருவாள். எங்கள் வண்டிக்கு ஆள் சேர்ந்ததே அதனால்தான். பாலிக் பூலாவிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் வரும் பெண்கள், மலாய்க்காரிகள், சீனத்திகள், தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், மற்ற வண்டிகளை விட்டுவிட்டு இதற்காகக் காத்திருப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அக்கா வண்டி'. நம்பர் தகடு போனால் வண்டி போகும். வண்டி போனால் அக்கா இந்த ஊரில் இருப்பதற்கு, மற்றவர்கள் ஒப்புக்கொள்ளும்படியான காரணம் எதுவும் மிஞ்சாது.

காரணம் கேட்க ஆள் வந்திருந்தார். அத்தானின் தலைத்திவசத்துக்கு ஊரிலிருந்து கப்பலேறி வந்த அவருடைய அண்ணன், என் பெரியத்தான், காரியம் முடிந்தும் திரும்பவில்லை. டவுனில் என் அறையில்தான் தங்கினார். காலையில் என்னோடு புறப்பட்டு சுங்கை பினாங்கிலிருந்த அக்காவின் பலகை வீட்டுக்கு வந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். நாகப்பட்டினத்துக்குக் கப்பல் மேல்தளத்து மலிவு டிக்கெட் இரண்டு அவர் சட்டைப்பையில் இருந்தது. இரண்டாவது டிக்கெட் அக்காவுக்கு.

கணவனின் அண்ணனோடு எங்கள் வீட்டுப் பெண்கள் நேராகப் பேசுவதில்லை. அக்காவும் அவரோடு ஒருநாளும் பேசியதில்லை. நடுவே நான் நிற்க வேண்டும். அவருக்கும் கதவுக்குப் பின்னால் நிற்கும் அக்காவுக்கும் இடையே மூன்று முழம் தூரம்கூட இல்லை.

அந்தப் புதன்கிழமை நாங்கள் திரும்பி வந்ததும் அவர் வண்டியைப் பார்த்தார். முன்பக்கம் முழுக்கத் துருநீர் வழிந்து காய்ந்திருந்தது.

"என்னப்பா பேப்பர்காரரே, வெள்ளைக்காரனைக் குளிப்பாட்டி அனுப்பிட்டீங்களா?"

"ஒரு வாரம் தவணை கொடுத்திருக்கான் பெரியத்தான்."

"கப்பல் அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு, வெள்ளிக்கிழமை. கணக்குச் சரியா வருது. மூட்டையக் கட்டச் சொல்லு."

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "தம்பி, நான் வரலன்னு சொல்லு."

"ஏன்னு கேளு" என்றார் அவர், என்னைப் பார்த்து.

"வண்டி இருக்குன்னு சொல்லு."

"எது, அந்த வெந்நீர் அண்டாவா?"

 அக்கா உள்ளிருந்தே தெளிவாகச் சொன்னாள். "தம்பி, அடுத்த புதனும் கொதிச்சா நான் கப்பலேறுறேன். கொதிக்கலன்னா அவங்க ஒரு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துட்டுத் தனியாப் போகட்டும். சம்மதமான்னு கேளு."

நான் கேட்கத் தேவையில்லாமல் அவர் தலையாட்டினார். நல்ல மனிதர்தான். தம்பி மனைவியைத் தனியாக விட்டுவந்தான் என்று ஊர் தன்னைப் பேசுமே என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்துக்கு அக்கா ஏன் கப்பலேற வேண்டும் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை வண்டியைச் சூலியா தெருவுக்குப் பின்னாலிருந்த பட்டறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் தமிழ் முஸ்லிம், நாங்கள் 'நானா' என்று கூப்பிடுகிற அண்ணன், கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனம் அவருக்கே சற்று அதிகமாகத் தெரிந்திருந்தது. எஞ்சினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் காதால் கேட்டார்.

"தம்பி, இது கிழடு. உள்ள தேஞ்சு போச்சு. தேஞ்ச எஞ்சின் சூடாகத்தான் செய்யும்லா. காயலான் கடைக்குப் போடுங்க."

"வேற காரணமே இருக்காதா நானா?" என்றாள் அக்கா.

"தங்கச்சி, எம்பது வயசுக் கிழவனை மலையேறச் சொன்னா மூச்சு வாங்கும். அதுக்குக் காரணம் தேடுவியா?"

"எம்பது வயசா இல்லையான்னு அப்புறம் பாக்கலாம். முதல்ல கிழவனுக்கு வேட்டியை இறுக்கிக் கட்டுங்க."

அவர் சிரித்துவிட்டார். காற்றாடியின் பெல்ட் தளர்ந்திருந்தது. அதை இறுக்கினார். மேல் ரப்பர் குழாய் விரிசல் விட்டிருந்தது, மாற்றினார். நெருப்புப் பொறி விழும் நேரத்தைச் சரிசெய்தார். வெள்ளிக்கிழமை காலை மலைக்குப் போனோம். இரண்டாவது வளைவில் கொதித்தது.

எனக்கு எஞ்சின் தெரியாது. விசாரிக்கத் தெரியும். கோர்ட்டில் சாட்சி சொல்கிறவன் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னால் அந்தப் பதிலை விட்டுவிட்டு, அவன் சொல்லாமல் விட்டதைப் பார்க்க வேண்டும் என்று பத்திரிகையில் பழகியிருந்தேன். ஆகவே கப்பல் வரவு குறிக்கும் நோட்டை வண்டியில் போட்டுக்கொண்டேன். சனிக்கிழமை இரண்டு முறையும் ஞாயிறு காலை ஒரு முறையும் மலையேறினோம். ஆள் நிறைந்து ஏறியபோது இரண்டாவது வளைவு. வெறும் வண்டியாக ஏறியபோது இரண்டாவது வளைவைத் தாண்டி ஐம்பது கெஜம். மழையில் ஏறியபோதும் அப்படியே. ஜெலுத்தோங்கிலிருந்து பாயான் லெப்பாஸ் வரை சமதரையில் சிவப்புக் கோடு பாதிக்கு மேல் போகவில்லை. எஞ்சினின் வலுவில் குறையில்லை, ஆவி கக்கும்போதுகூட அது திணறாமல் இழுத்தது. தேய்ந்த எஞ்சின் இப்படி இழுக்காது என்று எழுதி, அடியில் கோடு போட்டேன்.

ஞாயிறன்று கொதித்ததும் நான் அவசரப்படவில்லை. அக்கா சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள். மழை விட்ட காட்டிலிருந்து கிராம்பு மர வாசனை வந்துகொண்டிருந்தது. ரேடியேட்டரின் மேல் விளிம்பருகே புறங்கையைக் கொண்டுபோனேன். நெருங்கவே முடியவில்லை. கையைக் கீழே கொண்டுவந்தேன். இடது ஓரம் சுட்டது. நடுப்பகுதியில் சூடு குறைந்தது. வலதுபக்கம் கீழே உள்ளங்கையை முழுதாகப் பதித்து வைத்தேன். காலையில் சுவரைத் தொடுவதுபோல் குளிர்ந்திருந்தது.

கொதிக்கும் வண்டியில் ஒரு குளிர்ந்த இடம். இத்தனை நாள் எல்லோரும் சூட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, இங்க வந்து கைய வை."

வைத்துப் பார்த்தாள். "குளுகுளுன்னு இருக்கே. நல்லதுதானே?"

"கெட்டது. எஞ்சின்ல சூடான தண்ணி மேல போகணும். இந்தச் சின்னச் சின்னக் குழாய் வழியா ஆறிக்கிட்டே கீழ இறங்கணும். இந்தப் பக்கம் தண்ணி இறங்கவே இல்ல. அடைச்சிருக்கு."

"எது அடைச்சிருக்கு?"

"தெரியல."

பிற்பகல் சுங்கை பினாங்கு வீட்டு வாசலில், அங்சானா மரத்தடியில், ரேடியேட்டரின் அடியில் தண்ணீர் வடிப்பதற்கு இருந்த குமிழைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை. பெரியத்தான் நாற்காலியில் என் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு, அதற்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியை விட்டுக் குத்தினேன். சேறு போல ஒன்று மெல்ல வழிந்தது. துருவின் செம்பழுப்பு நிறமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அது மஞ்சளாக இருந்தது. விரலில் எடுத்து முகர்ந்தேன். சமையலறை வாசனை.

"அக்கா."

வந்து பார்த்தாள். பார்த்ததும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பெரியத்தானுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"மஞ்சப்பொடி."

"இதுல எப்படி வந்துச்சு?"

"நான்தான் போட்டேன்."

வண்டிக்குக் காலையில் தண்ணீர் ஊற்றுவது அத்தான் காலத்திலிருந்தே அவள் வேலை. நான் டவுனிலிருந்து வந்து சேரும்போது அது முடிந்திருக்கும். ஒருநாள் ரேடியேட்டர் ஒழுகியபோது அத்தான் கடையில் மஞ்சள்பொடி வாங்கி ஒரு கரண்டி உள்ளே போட்டாராம். அந்நாளில் நம் டிரைவர்கள் எல்லோரும் செய்ததுதான். பொடி ஓட்டையில் போய் அப்பிக்கொள்ளும், பட்டறை சேரும்வரை தாங்கும். இன்னொரு முறையும் போட்டார். இரண்டு நாளும் வெள்ளிக்கிழமையாக அமைந்துவிட்டது. அவர் வண்டிக்குப் பூப்போட்டுக் கும்பிட்டு எடுப்பதும் வெள்ளிக்கிழமைதான். அக்கா இதையும் அதோடு சேர்த்துக்கொண்டாள்.

"அவங்க போனப்புறம் ஒரு வெள்ளி தவறல. ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பிடி."

"ஒரு பிடியா? வருஷம் பூராவா?"

"சத்தம் போடாத."

"அத்தான் போட்டது ஒழுகலை அடைக்க அக்கா. சாமிக்கு இல்ல."

"அதான் இப்பத் தெரியுதே." மஞ்சள் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தம்பி, பதினாறாம் நாள் என் மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்துட்டாங்க. இனிமே உன் மேல படக்கூடாதுன்னாங்க. சரின்னேன். வண்டி மேல படக்கூடாதுன்னு யாரும் சொல்லல. அதுல போட்டேன்."

 நான் கம்பியை எடுத்து மறுபடி குத்தத் தொடங்கினேன்.

பெரியத்தான் பத்திரிகையை மடித்தார். "என்ன, அண்டாவுக்குள்ள சாம்பார் இருக்குதா?"

"அவங்களுக்கு இலை போடவான்னு கேளு தம்பி" என்றாள் அக்கா, இந்த முறை உரக்க.

திங்கள் விடியற்காலை ரேடியேட்டரைக் கழற்றி இறக்கினோம். நான்கு போல்ட், இரண்டு குழாய். ஸ்பானர் கேட்டுப் பட்டறைக்குப் போனபோது மெக்கானிக் காரணம் கேட்டார். சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "அடைப்பும் இருக்கலாம்லா. ஆனா எஞ்சின் தேஞ்சதும் நிஜம். புதன்கிழமை சாயங்காலம் இங்கதான் கட்டி இழுத்துட்டு வருவீங்க." ஸ்பானரை மட்டும் கொடுத்தார்.

துரு அடைப்புக்குப் பட்டறையில் என்னவோ மருந்து வைத்திருந்தார்கள். மஞ்சளுக்கு மருந்து யாரிடம் இருக்கும் என்பது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. கல்யாண வேட்டியில் மஞ்சள் கறை எடுப்பவர்கள் யாரோ அவர்களிடம். வண்ணாந்துறைக்கு நடந்துபோய்ச் சலவைச் சோடா வாங்கி வந்தாள். குளிக்கும் அண்டாவில் அதைக் கொதிக்கவைத்தோம். ரேடியேட்டரைக் கீழ்மேலாகக் கவிழ்த்து, சோடா நீரை ஊற்றி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பின் முனிசிபல் குழாயில் ரப்பர் குழாயைச் செருகி எதிர்த்திசையில் தண்ணீர் விட்டோம். முதலில் வந்தது களிபோல இருந்தது. இரண்டாவது தடவை கரைசலாக வந்தது. சோடா பட்ட இடத்தில் மஞ்சள் சிவந்துபோய், வாசலில் யாரோ ஆரத்தியைக் கொட்டியதுபோல் ஓடியது. பக்கத்து வீட்டுச் சீனத்தி எட்டிப் பார்த்து, என்ன விசேஷம் என்று மலாயில் கேட்டாள்.

"வண்டி பெரிய மனுஷி ஆயிட்டுது" என்று அக்கா அவளுக்கு மலாயில் சொன்னாள்.

ஆறாவது தடவை தண்ணீர் தெளிந்தது. செவ்வாய்க்கிழமை வெயிலில் பிடித்துப் பார்த்தபோது குழாய்களின் ஊடாக மறுபக்கத்து வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. கூடவே, மஞ்சள் அடைத்து வைத்திருந்த பழைய ஓட்டைகள் இரண்டும் திறந்துகொண்டன. தகரக் கடைச் சீனர் ஈயம் பற்றவைத்துக் கொடுக்கும்போது மாலை ஆகிவிட்டது. மாட்டி முடித்தேன். மலையேறிச் சோதிக்க நேரமில்லை. மறுநாள் இன்ஸ்பெக்டர் முன்னிலையில்தான் எங்களுக்கும் தெரியும்.

அன்று பெரியத்தான் அக்காவின் தகரப்பெட்டி ஒன்றைத் துடைத்து வாசலில் எடுத்துவைத்துவிட்டுப் போனார். அக்கா அதை ஒன்றும் செய்யவில்லை. மீந்த சலவைச் சோடாப் பொட்டலத்தை அதன் மேல் வைத்தாள்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வேறு காலுறை அணிந்து, கால்களைப் பின்னுக்கு இழுத்து உட்கார்ந்தார். ஜெலுத்தோங், பாயான் லெப்பாஸ், தெலுக் கும்பார்.  சாலை மேலேறியதும் கியரைக் குறைத்தேன். சிவப்புக் கோடு பாதியைத் தாண்டியது. முதல் வளைவில் இன்னும் சற்று ஏறியது. பின்னாலிருந்து அக்காவின் வளையலற்ற கை என் இருக்கையின் முதுகைப் பிடித்தது. மரச்சட்டம் கிறீச்சிட்டது. இரண்டாவது வளைவு. சாலையில் போன வாரம் நாங்கள் கொட்டிய நீரின் துருக்கறை அப்படியே இருந்தது. அதன் மேல் சக்கரம் ஏறியது. கோடு முக்கால் அளவில் நின்றது. மூன்றாவது, நான்காவது வளைவுகள் போயின. கோடு அங்கேயே நின்றது.

உச்சியில் நிறுத்தச் சொன்னார். இறங்கி முன்பக்கம் போய்ச் சுற்றிப் பார்த்தார். ரேடியேட்டருக்கு நேரே கையை நீட்டினார். போன வாரத்து ஆவி நினைவுக்கு வந்ததுபோல் கை பாதியில் நின்றது. பிறகு அருகே கொண்டுபோனார்.

என்ன மாற்றினாய் என்று என்னைக் கேட்டார். பதில் அக்காவிடமிருந்து வந்தது. "சூச்சி சஹாஜா, துவான்." கழுவினோம், அவ்வளவுதான், ஐயா.

தாளில் கையெழுத்துப் போட்டார். பட்டறைக்குப் போய் ஸ்பானரைத் திருப்பிக் கொடுத்தேன். மெக்கானிக் வாங்கி மாட்டிவிட்டு, "மழை ஈரத்துல சூடு தெரிஞ்சிருக்காதுலா" என்றார். அன்று நல்ல வெயில். அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

பெரியத்தான் ஒரு டிக்கெட்டைத் திருப்பினார். சொன்ன வார்த்தையில் நின்றார், அதை மறைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை காலை அவரைக் கப்பலேற்றுவதற்கு வண்டியை எடுக்க, அவரும் நானும் சுங்கை பினாங்குக்குப் போனோம். வழியனுப்ப அக்காவும் வருவதாகச் சொல்லியிருந்தாள். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தேன்.

அக்கா வெளியே வந்தாள். குளித்த தலையில் ஈரம். முகத்தில் மஞ்சள் பூசியிருந்தாள். ஒப்புக்குத் தடவியதல்ல, கழுத்துவரை, காதோரம்வரை, வெயிலில் பளிச்சென்று தெரியும் அளவுக்கு. முன்னே போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்து, வெறும் தண்ணீர் ஒரு செம்பு ஊற்றி, மூடினாள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எடு" என்றாள்.

கண்ணாடியில் பெரியத்தானின் முகம் தெரிந்தது. வாயைத் திறந்தார், மூடினார். பிராங்கின் ரோட்டில் மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் நின்றபோது மறுபடி திறந்தார், மூடினார். வெல்ட் துறைமுகத் தெருவில் சாமான்களை இறக்கியபின், கப்பலுக்குக் கொண்டுவிடும் படகுக்கு ஆட்கள் கூவிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில்தான் அவரால் பேச முடிந்தது. அப்போதும் என்னிடம்தான் பேசினார்.

"தம்பி, ஊர்ல எல்லாரும் கேப்பாங்க. நான் என்ன சொல்றதுன்னு உங்க அக்காவக் கேளு."

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து நேராக அவரைப் பார்த்தாள்.

"வண்டி ஓடுதுன்னு சொல்லுங்க" என்றாள்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகுக்கு நடந்தார். பாலிக் பூலாவுக்குத் திரும்ப வேண்டிய பெண்கள் மூன்று பேர் அதற்குள் எங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் கோழி வைத்திருந்தாள். நான் இறங்கி ரேடியேட்டரில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், ஓர் இடம் விடாமல் சூடு பரவியிருந்தது.